பன்னிரண்டு நாள் ஆற்றுப் பயணம்

தம்பி,

இந்தக் கடிதத்தை உறைக்குள் போட்டு, முத்திரை ஒட்டி, மெல்பேர்ணுக்கு உன் விலாசத்துக்கு அனுப்பியிருக்கலாம். அப்படிச் செய்யாமல், சிட்னியில் இருக்கிற நம் ஆட்கள் ரோனியோ மெசினில் பிரதி எடுத்து வீடுவீடாக அனுப்புகிற இதழுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். உனக்குக் கோபம் வரும். அப்பாவுக்கு என்ன விசரோ என்று கேட்பாய். கேள், பரவாயில்லை. ஐந்து வருடத்துக்கு முன்னால் உன்மேல் ஒரு பழி விழுந்தது. அது உன் காதுக்குள் மட்டும் சொன்ன பழி இல்லை. சிட்னியில், கிரவீனில் இருக்கிற நம் வீட்டு ஹோலில், முப்பது பேர் கடதாசித் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது விழுந்தது. தாய் சாகக் கிடக்க, பன்னிரண்டு நாள் ஆறு பார்க்கப் போன பிள்ளை என்று உன்னைச் சொன்னார்கள். அதை உனக்கு மட்டும் எழுதித் துடைத்துவிட முடியாது. அந்த முப்பது பேரும் வாசிக்க வேண்டும். உன்னை அந்த ஆற்றுக்கு அனுப்பியது நான். எல்லாம் தெரிந்துகொண்டுதான் அனுப்பினேன்.

இவ்வளவு நாளும் வாயைத் திறக்காத கிழவன் இப்போது ஏன் திறக்கிறான் என்று நினைப்பாய். அடுத்த மாதம் உனக்குக் கலியாணம். கார்ட் வந்த மறுநாள் காலை ரெலிபோன் அடித்தது. நீ கட்டப்போகிற பிள்ளையின் குரலை அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கேட்டேன்.

"அங்கிள், நான் கௌரி கதைக்கிறன், மெல்பேர்ணிலையிருந்து. அவருக்குத் தெரியாமல் எடுக்கிறன். குறை நினைக்காதேங்கோ."

"அவர் எண்டால் ஆர் பிள்ளை? என்ர மகனோ, இல்லாட்டி வேற ஆரும் பெரிய மனிசரோ?" என்று கேட்டேன். என் வாய் உனக்குத் தெரியும்தானே.

அவள் சிரித்தாள். நல்ல சிரிப்பு, தம்பி. உனக்குக் கிடைத்தது பெரிய புண்ணியம். பிறகு விஷயத்தைச் சொன்னாள். கலியாணம் முடிந்து ஆறு கிழமை தென்னமெரிக்கா போவதாக இருக்கிறீர்களாம். அவள்தான் கேட்டாளாம், நீயும் ஓம் என்றாயாம். ஆனால் பயணப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கிற எந்த இடத்துக்கும் நீ வரமாட்டேன் என்கிறாயாம். காரணம் கேட்டால் பேச்சில்லையாம். "நீங்கள் ஒருக்கால் அந்தப் பக்கத்தைப் பாருங்கோ, அங்கிள். நான் தபாலிலை அனுப்பி விடுறன்" என்றாள்.

அந்தப் புத்தகம் இப்போது என் மேசையில் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில், பிரதான பயணத்தோடு விரும்பினால் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஐந்து இடம் போட்டிருக்கிறார்கள். ஐந்துக்கும் சிவப்புப் பேனையால் குறுக்கே கோடு. ரூலர் வைத்துத்தான் கோடு போட்டிருக்கிறாய். வடிகால் பிளான் கீறுகிறவனின் மகன் வேறு எப்படிப் போடுவான்! ஆற்றை வெட்டியது எனக்கு விளங்குகிறது. மற்ற நாலும் என்ன பாவம் செய்தன? நாஸ்காப் பாலைவனத்தில் சின்னப் பிளேனில் ஏற்றி, நிலத்தில் கீறியிருக்கிற பெரிய உருவங்களைக் காட்டுவார்களாம். அதைச் சேர்த்துக்கொள். வெறும் வயிற்றோடு ஏறு. துறைமுகத்துப் படகில் போய் மற்றவன் சப்பாத்தின்மேல் சத்தி எடுத்த ஆள் நீ. அடுத்தது டிட்டிக்காக்கா ஏரியில் கோரைப் புல்லால் கட்டிய தீவுகள். போன முறை அங்கே போய் நீ அனுப்பிய, லாமாப் படம் போட்ட தபாலட்டையை உன் அம்மா ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து பார்த்துவிட்டு, "இது எங்கட ஆடுதானே, கழுத்து மட்டும் நீண்டிட்டுது" என்று பக்கத்துக் கட்டில்காரிக்குக் காட்டினாள். அந்த வெள்ளைக்காரிக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனாலும் இரண்டு பேரும் சிரித்தார்கள். இகுவாசு அருவிக்கும் போ. திரும்பி வரும் வழியில் ஈஸ்டர் தீவில் மூன்று நாள் நிற்கலாம் என்று போட்டிருக்கிறது. அந்தக் கல்லுத் தலைகளை எனக்காகவும் பார். ஐந்தாவது அமேசன். இப்போது ஒன்பது நாளாகக் குறைத்திருக்கிறார்கள். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ரெலிபோனை வைக்கப்போகும்போது கௌரி ஒன்று சொன்னாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

"அங்கிள், நீங்கள் அப்ப போட்ட தந்தியை அவர் எனக்கு மட்டும் காட்டினவர். அம்மா நலம், ஆற்றுப் பயணம் போய் வா எண்டு இருக்கு. இதை ஏன் ஒருத்தருக்கும் காட்டேல்லை, காட்டியிருந்தால் சனம் உங்களைப் பேசியிராதே எண்டு கேட்டனான். ‘காட்டினால் சனம் அப்பாவைத்தான் பேசும். அப்பாவுக்கு அப்ப தெரியாது, பாவம்’ எண்டவர்."

கதிரையை இழுத்து இருந்தேன். "பிள்ளை, நான் பிறகு கதைக்கிறன்" என்றேன். "என்ன மாமா, ஏலாமல் இருக்கோ?" என்று அவள் பதறினாள். அங்கிள் மாமாவானதை அவள் கவனிக்கவில்லை. எனக்கு அதற்குச் சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை. அப்பாவுக்குத் தெரியாது என்று ஐந்து வருடமாக நினைத்துக்கொண்டு, அந்தத் தந்தியை ஒளித்து, அத்தனை பேச்சையும் நீ வாங்கியிருக்கிறாய். அப்பாவுக்குத் தெரியும், தம்பி. தெரியும்.

இந்த மறைக்கிற பழக்கம் எனக்கு எங்கிருந்து தொற்றியது என்று சொல்லத்தான் வேண்டும். சாட்டுக்குச் சொல்லவில்லை. எனக்கு இருபத்தொரு வயதாக இருக்கும்போது கொழும்பில் கடைசிச் சோதனை எழுதிக்கொண்டிருந்தேன். இரண்டாவது பேப்பருக்கும் மூன்றாவது பேப்பருக்கும் இடையில் என் அப்பா யாழ்ப்பாணத்தில் செத்துப்போனார். வீட்டில் எல்லாரும் கூடிப் பேசி, சோதனை முடியும்வரை எனக்குச் சொல்வதில்லை என்று தீர்மானித்தார்கள். நான் மிச்சப் பேப்பரெல்லாம் எழுதினேன். நடுவில் ஒரு படம் பார்த்தேன். கடைசிப் பேப்பர் முடிந்த மத்தியானம் சிநேகிதர்களோடு போய் ஆட்டிறைச்சிப் புரியாணி சாப்பிட்டேன். அப்பா செத்துப் பத்தாம் நாள் அது. றெயிலால் இறங்கியபோது அண்ணன் மொட்டைத் தலையோடு ஸ்ரேசனில் நின்றான். அந்த இடத்திலேயே அவனை அடிக்கக் கையை ஓங்கினேன். "நீ பாஸ் பண்ணோணும் எண்டுதானடா" என்று அழுதான். பாஸ் பண்ணினேன்தான். அதனால் வேலை கிடைத்தது, அந்த வேலையைக் காட்டித்தான் பிறகு அவுஸ்திரேலியாவுக்கு வந்தோம். வயது போகப் போக, அண்ணன் செய்தது சரிதானே என்று நானே எனக்குச் சொல்லத் தொடங்கிவிட்டேன். ஆனால் அந்தப் புரியாணிக்குப் பிறகு இன்றுவரை நான் ஆட்டிறைச்சி தொடவில்லை. ஏன் என்று நீ சின்ன வயதில் கேட்டபோது வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது என்றேன்.

உன் அம்மாவுக்கு வயிற்றில் கட்டி என்று டாக்டர் சொன்னது, நீ முதல்முறை தென்னமெரிக்காவுக்குப் புறப்பட இரண்டு கிழமைக்கு முன்னால். புற்றுநோய் என்ற சொல்லையும் அன்றைக்கே சொன்னார். ஒப்பரேசன் செய்து பார்க்கலாம், சில மாதமாவது இருப்பா என்றார். வெளியே வந்து காரில் ஏறியதும் உன் அம்மா சொன்ன முதல் வார்த்தை உன்னைப் பற்றித்தான்.

"பிள்ளை ரிக்கற்றும் எடுத்து, ஊசியும் போட்டு நிக்கிறான். இப்ப சொன்னால் போகமாட்டான். போட்டு வரட்டும், வந்தாப் பிறகு சொல்லுவம்."

அதுவரைக்கும் அது இரண்டு பேரும் சேர்ந்து சொன்ன பொய். அதில் உன் அம்மாவுக்கும் பாதிப் பங்கு, அதை நான் மறைக்கவில்லை. அவள் உனக்குப் பருத்தித்துறை வடை சுட்டு, மிளகாய்த்தூளை வறுத்துத் தகரப் பேணியில் அடைத்து, நீ வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் பைக்குள் திணித்தாள். "ஏனம்மா இப்பிடி மெலிஞ்சு போனீங்கள்?" என்று நீ கேட்டாய். "இஞ்சத்தைப் பொம்பிளையள் மாதிரி மெல்லிசா வரப் பாக்கிறன்" என்று இடுப்பில் கையை வைத்து நடந்து காட்டினாள். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். நான் காரைத் துடைக்கப் போவதுபோல வெளியே போனேன்.

நீ போன அடுத்த கிழமை ஒப்பரேசன். திறந்து பார்த்துவிட்டு அப்படியே மூடிவிட்டார்கள். எல்லா இடமும் பரவியிருந்ததாம். நீ வந்தபிறகு, ஒப்பரேசன் நல்லபடி முடிந்து அம்மா தேறி வந்தா, நீ ஆற்றில் நிற்கும்போதுதான் திடீரென்று கடுமையாகிவிட்டது என்று உனக்குச் சொன்னேன் அல்லவா? அதில் ஒரு சொல்லும் உண்மை இல்லை. அவள் ஒரு நாளும் தேறவில்லை. உனக்கு நான் எழுதிய கடிதமெல்லாம் அவள் தலைமாட்டில் இருந்து எழுதியவை. குஸ்கோவிலிருந்து நீ, ஏன் அம்மாவின் கையெழுத்தில் ஒன்றும் வரவில்லை என்று கேட்டு எழுதினாய். அம்மாவுக்குக் கையில் வாதம் என்று பதில் போட்டேன். இப்படி ஒரு பொய்க்கு முட்டுக் கொடுக்க இன்னொன்று, அதற்கு இன்னொன்று என்று நான் நன்றாகவே பழகிவிட்டேன்.

நீ போய் ஏழாம் கிழமை, வியாழக்கிழமை பின்னேரம், உன் அம்மா என் கையைப் பிடித்தாள். அவளுக்கு அப்போது எழும்பி இருக்கவும் ஏலாது.

"இஞ்சாருங்கோ, இனிப் பொறுக்க வேண்டாம். பிள்ளையைக் கூப்பிடுங்கோ."

"கூப்பிடுறன்" என்றேன்.

வீட்டுக்கு வந்தால் கதவடியில் உன் தந்தி கிடக்கிறது, லீமாவிலிருந்து. பயணம் முடிந்தது, விரும்பினால் அமேசன் ஆற்றில் பன்னிரண்டு நாள் சேர்க்கலாம், அங்கே தந்தி வராது, அம்மா எப்படி, வரட்டுமா? நீ கேட்டாய், தம்பி. அதைத்தான் எல்லாரும் அறிய வேண்டும். போகலாமா என்று கேட்டாய், அம்மா எப்படி என்று கேட்டாய், வரட்டுமா என்றும் கேட்டாய். ஒரு பிள்ளை வேறு எத்தனை விதமாகக் கேட்க முடியும்?

வெள்ளிக்கிழமை காலை தபால் கந்தோர் திறந்ததும் போனேன். தந்திப் படிவத்தை எடுத்து ‘உடனே வா’ என்று எழுதினேன். எழுதியதை நீட்டப் போனேன், கை வரவில்லை. கவுண்டரில் நின்ற பெண் கையை நீட்டிக்கொண்டே இருந்தாள். இதை அனுப்பினால் இவள் சாகப்போகிறாள் என்று நானே கையெழுத்துப் போட்டதாகிவிடும் என்று தோன்றியது. டாக்டர் சொன்னதை நான் ஒரு நாளும் முழுதாக நம்பவில்லை. எங்கள் ஆட்களுக்கு நோய் பார்க்க இவருக்கு என்ன தெரியும் என்றுகூட நினைத்தேன், அவ்வளவு மடையன். நீ ஆற்றில் இருந்தால் வீட்டில் எல்லாம் வழமைபோலத்தான் நடக்கிறது, நீ ஓடி வந்தால் முடிந்துபோச்சு. படிவத்தைக் கிழித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, இன்னொன்றில் ‘அம்மா நலம், ஆற்றுப் பயணம் போய் வா’ என்று எழுதிக் கொடுத்தேன். உனக்காகச் செய்கிறேன், பிள்ளை ஆசைப்பட்டதைப் பார்க்கட்டும் என்று சொல்லிக்கொண்டே பஸ் ஏறினேன். உனக்காகச் செய்யவில்லை. எனக்குப் பயம், அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரிக்குப் போனதும் கேட்டாள். "அனுப்பினியளோ?"

"ஓம்."

"எப்ப வருவான்?"

"திங்கள், செவ்வாய்க்குள்ளை வந்திடுவான்."

இதற்கு அடுத்ததை எழுதத் தொடங்கி மூன்று தாளைக் கசக்கி எறிந்துவிட்டேன். திங்கட்கிழமை காலை அவள் பரமேஸ் அன்ரியிடம் தலை இழுத்துச் சீவிப் பொட்டு வைத்துவிடச் சொன்னாளாம். பரமேஸ் அன்ரி அவளுடைய சிநேகிதி, வேலைக்கு லீவு போட்டு வந்து பக்கத்தில் நின்ற மனிசி, அந்த நன்றியை நான் மறக்கமாட்டேன். "தம்பிக்குத் தந்தி போட்டாச்சு, இண்டைக்கு வாறான்" என்று உன் அம்மா அவவுக்குச் சொல்லியிருக்கிறாள். செவ்வாய்க்கிழமையும் பொட்டு வைத்தாள். புதன்கிழமை நான் உள்ளே போனபோது முகத்தைக் கழுவி, பொட்டும் வைத்துக்கொண்டு, வாசல் தெரியத் தலையணையை மாற்றிப் போட்டுக் கிடந்தாள். பிளேனில் இடம் கிடைக்கவில்லையாம் என்று சொன்னேன். அன்றைக்காவது ஓடிப்போய் உனக்குத் தந்தி அடித்திருக்கலாம். ஆனால் நீ படகில் ஏறி ஐந்து நாள், அடித்தாலும் உன் கையில் கிடைக்காது. அதைக் காரணம் காட்டி இன்னும் இரண்டு நாளைக் கடத்தினேன். வெள்ளிக்கிழமை டாக்டர் என்னைக் கூப்பிட்டு, உறவுக்காரரை அழையுங்கள் என்றபிறகுதான் ‘உடனே வா’ என்று லீமாவுக்கு அடித்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை உயிர் போய்விட்டது. செவ்வாய்க்கிழமை எரித்தோம். பெற்ற பிள்ளை உயிரோடு இருக்க, மகன் செய்ய வேண்டியதைப் புருஷன் செய்தேன்.

நீ வந்தபோது எட்டாம் நாள் சடங்கு, எட்டுச் செலவு, முடிந்து இரண்டு நாள். விமான நிலையத்தில் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "கடைசியா என்னைப் பற்றி என்னப்பா சொன்னவ?" என்று கேட்டாய். "அவன் எல்லாத்தையும் வடிவாப் பாத்திட்டு வரட்டும் எண்டு சொன்னவ" என்றேன். அதை நான் அந்த இடத்தில், உன் தோளில் தலையை வைத்துக்கொண்டு, இட்டுக்கட்டினேன். நீ அதை நம்பி இன்னும் சத்தமாக அழுதாய்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு எல்லாரும் வந்திருந்தார்கள். சாப்பாட்டு நேரத்தில்தான் பரமேஸ் அன்ரி சொன்னா. "தந்தி போட்டும் வராத பிள்ளை. தாயைவிட ஆறு பெரிசாப் போச்சு." அவவைப் பிழை சொல்ல மாட்டேன். அவவுக்குத் தெரிந்தது அவ்வளவுதான், சிநேகிதி மூன்று நாள் பொட்டு வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்ததைக் கண்ணால் கண்ட மனிசி. நீ என்னைப் பார்த்தாய். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் பருப்பையும் சோற்றையும் குழைத்துக்கொண்டிருந்தேன். குழைத்து முடிந்தபிறகும் குழைத்துக்கொண்டிருந்தேன். நீ தட்டைக் குசினியில் வைத்துவிட்டு வெளியே போனாய். இரண்டு மாதத்தில் மெல்பேர்ணில் வேலை கிடைத்தது என்று சொல்லிப் போய்விட்டாய். பிறகு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ரெலிபோன். சுகமோ, சுகம். சாப்பிட்டீங்களோ, ஓம். இதுதான் ஐந்து வருடமாக நாங்கள் கதைத்த கதை.

உனக்குத் தெரியாத இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நீ அந்தப் பயணத்தில் எடுத்த பிலிம் ரோல் ஏழும் உன் அலுமாரியிலேயே கிடந்தன. நீ கழுவக் கொடுக்கவே இல்லை. போன வருடம் நான் கொண்டுபோய்க் கொடுத்துக் கழுவி எடுத்தேன். யன்னலடியில் நின்று ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஆற்றில் எடுத்தவற்றுக்கு உன் சின்னக் கொப்பியில் நாள் எழுதி வைத்திருக்கிறாய். பதினோராம் நாள், ஒரு பெரிய மீனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக நிற்கிறாய். பதினோராம் நாள் எது என்று விரல் விட்டு எண்ணினேன். உன் அம்மாவை எரித்த அன்று. உண்மையைச் சொல்கிறேன், முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது, எப்படிச் சிரிக்கிறான் பார் என்று. பிறகுதான் உறைத்தது. நான் புரியாணி சாப்பிட்டதை நினைத்து இத்தனை வருடம் எரிந்தவன், என் பிள்ளைக்கும் அதே இலையைப் போட்டிருக்கிறேன். அந்தப் படத்தை நீ ஒருநாள் பார்க்க வேண்டிவரும். பார்க்கும்போது, வீட்டில் எல்லாரும் நலம் என்று அப்பன் சொன்னதை நம்பிய ஒரு பிள்ளை சிரிக்கிறான் என்று மட்டும் பார். அவன் சிரித்ததில் ஒரு பிழையும் இல்லை.

புத்தி சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். இருந்தாலும் கலியாணம் செய்யப்போகிறவனுக்கு அப்பன் நாலு வார்த்தை சொல்லத்தானே வேண்டும். கௌரி ஆஸ்பத்திரியில் தாதி வேலை செய்கிறவள். ஒவ்வொரு நாளும் சாவைப் பக்கத்தில் நின்று பார்க்கிற பிள்ளைக்கு எதையும் மறைக்காதே. அவள் தாங்கமாட்டாள் என்று நீ நினைக்கும் நேரத்தில், நான் தாங்கமாட்டேன் என்றுதான் பெரும்பாலும் இருக்கும். நின்று யோசித்துப் பார். இதை வாசிக்கிற மற்றவர்களுக்கும் சொல்கிறேன். கடல் கடந்து இருக்கிற பிள்ளைக்கு ‘எல்லாரும் சுகம்’ என்று எழுதிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிற ஆட்கள் நம்மில் நிறையப் பேர் இருக்கிறார்கள். சோதனையாம், புது வேலையாம், பிள்ளை பயணத்தில் நிற்கிறதாம். சொல்லுங்கோ. வருவதும் வராமல் விடுவதும் அந்தப் பிள்ளையின் பாடு.

எனக்கும் வயது அறுபத்திரண்டு. பிரஷர் இருக்கிறது, படி ஏறினால் நெஞ்சு அடைக்கிறது. உனக்குச் சுகம் சுகம் என்று சொன்னதில் இதையும் திருத்திக்கொள். எனக்கு ஏதும் என்றால் முதலில் உனக்குத்தான் ரெலிபோன் எடுக்க வேண்டும் என்று பக்கத்து வீட்டில் உன் நம்பரைக் கொடுத்து வைத்திருக்கிறேன். நீங்கள் தென்னமெரிக்காவில் நிற்கும்போது நடந்தாலும் சொல்வார்கள். அந்தப் பயத்தில் எந்த இடத்தையும் வெட்டாதே. அமேசனுக்கும் போ, ஒன்பது நாளும் போ. அவளைக் கூட்டிக்கொண்டு போய், இந்த இடத்தில்தான் மீன் பிடித்தேன் என்று காட்டு. உன்னிடமிருந்து நான் பறித்தவற்றில் திருப்பித் தரக்கூடியது அது ஒன்றுதான்.

கலியாணத்துக்கு வருவதைப் பற்றி. நீ என்னை அழைத்தது, அப்பாவுக்குத் தெரியாது, பாவம் என்று நினைத்துக்கொண்டு. இதை வாசித்துவிட்டு நீ மறுபடி ஒரு வார்த்தை சொன்னால் அடுத்த றெயிலில் ஏறுவேன். சொல்லாவிட்டால் உன்மேல் எனக்குத் துளி வருத்தமும் இல்லை. கௌரிக்கு நான் வராததற்கு என்ன காரணம் சொல்வது என்று நீ யோசிக்க வேண்டாம். இந்தக் கடிதத்தையே கொடு.

விமான நிலையத்தில் நீ கேட்டதற்கு இன்னும் நான் பதில் சொல்லவில்லை. உன் அம்மா உன்னைப் பற்றிக் கடைசியாகச் சொன்னது, சாக மூன்று நாளுக்கு முன்னால், அந்த வியாழக்கிழமை. நான் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தேன். அன்றைக்கு அவள் பொட்டு வைக்கச் சொல்லவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு கிடந்தவள், கொஞ்ச நேரம் கழித்து என் பக்கம் திரும்பினாள்.

"அவன் வரமாட்டான் போல. பயந்த பிள்ளை, என்னை இப்பிடிப் பாக்க அவனாலை ஏலாது. அதுதான் வராமல் நிக்கிறான்."

நான் போர்வையை இழுத்து அவள் காலை மூடினேன்.

"பிறகு வந்து நிக்கேக்கை, ஏன் வரேல்லை எண்டு கேட்டு ஏசிப்போடாதேங்கோ. என்ன? சத்தியமாச் சொல்லுங்கோ, ஏசமாட்டன் எண்டு."

நான் அவள் கையில் கையை வைத்து, ஏசமாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுத்தேன்.

அப்பா